காபிக்கொட்டை விலை இறங்கினாலும் சேலத்தில் காபி விலை ஏன் இறங்குவதில்லை?

காபிக்கொட்டை, கச்சா எண்ணெய் மாதிரி மூலப்பொருள்கள் மொத்தச் சந்தையில் போகிற விலை ஒன்று. குடும்பங்கள் வழக்கமாக வாங்குகிற எல்லாவற்றின் விலையும் சேர்ந்து ஓராண்டில் எவ்வளவு ஏறியது என்பது வேறு, அதுதான் நுகர்வோர் பணவீக்கம். ஏற்காட்டு அராபிகாவுக்குக்கூட நியூயார்க் சந்தைதான் விலையின் திசையைக் காட்டுகிறது. ஆனால் சேலம் ஐந்து ரோட்டில் நீங்கள் குடிக்கிற டம்ளரில் கொட்டையின் செலவு கொஞ்சம்தான், பால், சர்க்கரை, கேஸ், கடை வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறது (வாடகை ஏறினால் இறங்கியதாகச் சரித்திரம் உண்டா?). கொட்டை விலை இறங்கினாலும் அது டம்ளருக்கு வந்து சேருவது, மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகி, அளவும் குறைகிற கதைதான். பணவீக்கக் கணக்கிலும் இதே கதைதான்: 2012ஆம் ஆண்டு விலைகளோடு ஒப்பிட்டுப் போட்ட நகர்ப்புற விலைக் குறியீட்டில் உணவு, பானங்கள் எல்லாம் சேர்ந்த பங்கே சுமார் 36%தான் இருந்தது. வீட்டு வாடகை சுமார் 22%. அப்புறம், பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்தால் விலை குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது.