தொப்பியும் கையெழுத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டாலஸ் பக்கம் இருபது வருடமாக இருக்கிறேன். 2018 டிசம்பரில் என் மகள் படித்த பள்ளியின் ஜிம்மில் ஒரு விழா நடந்தது: அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஒரு பையன், எந்தப் பல்கலைக்கழக அணிக்குப் போகிறான் என்று அறிவிக்கும் விழா. ஒரு நீள மேஜை, அதன்மேல் மூன்று தொப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பல்கலைக்கழகச் சின்னம். எங்கள் தெருப் பையன், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தவன், ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்துவிட்டுக் கடைசியில் நடுவில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒரே கைதட்டல். அப்புறம் ஒரு தாளில் அவனும் அவன் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா அழுதுவிட்டார்.

மூன்றே வாரத்தில், அவனை வீடு தேடி வந்து அழைத்த கோச் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பையனால் போக முடியவில்லை. ஒரு வருடம் அங்கே ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்கு மாறிவிட்டான். கோச் நினைத்தால் போகலாம், பையன் போகக்கூடாது என்றால் இது கொத்தடிமைத்தனம் இல்லையா? இப்போது அப்படிக் கையெழுத்து வாங்கும் கடிதத்தையே ஒழித்துவிட்டார்களாம். நல்லதுதானே?

எஸ்., டெக்சஸ்

அன்புள்ள எஸ்.,

கொத்தடிமை என்ற சொல்லை நான் இதற்குப் போடமாட்டேன். அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இருந்தார்கள். ஆனால் ஒருதலையான ஒப்பந்தம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து எனக்குப் பழக்கமானது அண்ணன் வீட்டில் கழித்த இரண்டு குளிர்காலங்களில். வெளியே பனி, உள்ளே டிவி. ஆட்டத்தின் விதிகள் இன்றுவரை எனக்குப் பாதிதான் பிடிபட்டிருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் பள்ளிப் பையன்களை ஆள் பிடிக்கும் கதைதான் என்னை இழுத்துவிட்டது.

உங்கள் தெருப் பையன் கையெழுத்துப் போட்ட தாளுக்கு ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று பெயர். 1964-இல் தொடங்கியது. அதில் கையெழுத்துப் போடும்வரை பையன் வாயால் சொல்வதற்கு எந்த மதிப்பும் கிடையாது. ‘கமிட்’ ஆகிவிட்டான் என்று செய்தி போடுவார்கள், ஆனால் அது பெண் பார்த்துவிட்டு ‘எங்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்று சொல்வது மாதிரி. தாம்பூலம் மாற்றுவது இந்தத் தாளில்தான். டிராவிஸ் ஹன்டர் என்ற பள்ளி வீரர் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2021 டிசம்பரில் கையெழுத்து நாளன்று ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போட்டார். யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அதுவரை வெறும் பேச்சு.

தாளில் கையெழுத்து விழுந்தால் கதை வேறு. பையன் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்வியாண்டு படித்தாக வேண்டும். அதைச் செய்யாமல், பல்கலைக்கழகத்திடம் விடுவிப்பும் வாங்காமல் வேறிடம் போனால் அங்கே ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும், ஆடும் உரிமையில் ஒரு பருவமும், அதாவது ஒரு வருட ஆட்டமும், போய்விடும். அன்று ஒரு மாணவனுக்குக் கிடைத்தது ஐந்து வருடத்துக்குள் நான்கு பருவங்கள். அதில் ஒன்று போனால் கால்வாசி போச்சு. அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும்: நீ கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகத்தோடு, கோச்சோடு இல்லை.

எனக்கு உறுத்துவது இந்த வரிதான். வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்து, அம்மா போட்ட சாப்பாட்டைப் புகழ்ந்து, ‘உன் பையனை என் பையன் மாதிரி பார்த்துக்கொள்வேன்’ என்று சொன்னவர் கோச். பதினேழு வயதுப் பையன் ஒரு மனிதரை நம்புகிறான், கையெழுத்தோ ஒரு நிறுவனத்தோடு. இதில் பையனை மட்டும் ஏமாளி என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகமும் அந்த மனிதரைக் காட்டித்தானே அவனை அழைத்தது?

எதிர்ப்பக்கம் என்ன கொடுத்தது என்று பாருங்கள். உதவித்தொகை 1973-இலிருந்து வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் வகையில்தான் இருந்தது. பல வருடங்களுக்குச் சேர்த்து வழங்கலாம் என்று 2012-இல்தான் அனுமதித்தார்கள். ஆக, பையன் நான்கு வருடக் கனவோடு வந்தான், எதிரில் இருந்த உறுதி ஒரு வருடத்துக்கு.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். அன்று ஒரு அணிக்கு மொத்தம் 85 உதவித்தொகை, ஒரு வருடத்தில் புதிதாக 25 பேர். கடைசி நேரத்தில் நான்கு பேர் கைவிரித்துவிட்டால் ஒரு வருடத் திட்டமே குலையும். பெரிய பெயர் இருக்கும் இடத்துக்கு வேறு ஆள் கிடைப்பான், சிறிய இடத்துக்குக் கிடைக்க மாட்டான். அந்தத் தாள் அவர்களுக்கு ஒரு வேலி. பையனுக்கும் ஒரு நன்மை இருந்தது: கையெழுத்துப் போட்ட மறுநொடி மற்ற கோச்சுகள் அவனை விட்டுவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வரும் போன்கள் நின்றுவிடும். பல வீடுகளில் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஆனால் வேலி கட்டியவர்களே தங்கள் பக்கம் ஒரு சந்து வைத்துக்கொண்டார்கள். 2009-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் கோச் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். சிலர் மதிப்பெண் இல்லாமல் கழிந்துவிடுவார்கள் என்பது கணக்கு. எல்லோரும் தேறி வந்துவிட்டால்? ‘நீ ஜனவரியில் வந்து சேர்ந்துகொள்ளேன்’ என்று யாராவது ஒருவனிடம் சொல்லவேண்டியதுதான். இந்த வழக்கத்துக்கு ‘கிரேஷர்ட்’ என்று பெயரே இருக்கிறது. நட் செய்த கூத்துக்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் ஆடும் எஸ்.இ.சி. என்ற கூட்டமைப்பில் ஒரு வருடத்துக்கு 28 பேர் என்று வரம்பு வைத்தார்கள், பிறகு அதை 25 ஆக்கினார்கள்.

இந்தத் தாளைத் தாண்டியவர் யாருமே இல்லையா என்றால், ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் மாண்டிசுமா என்ற சின்ன ஊரின் பையன், ரோக்வான் ஸ்மித். 2015 பிப்ரவரியில் டிவி கேமரா முன்னால் கலிபோர்னியாவில் இருக்கும் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் கையுறையை மாட்டிக்கொண்டு அங்கே போவதாக அறிவித்தார். அப்போது கையெழுத்திட்ட தாள் ஃபேக்ஸில் போகும். அவரவர் கோச்சுகள் ஃபேக்ஸ் மிஷினைச் சுற்றிக் காத்துக்கிடப்பார்கள். ஸ்மித்தின் தாள் போவதற்குள் ஒரு செய்தி வந்துவிட்டது: அவரை அழைத்த யு.சி.எல்.ஏ. தற்காப்புப் பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிச் அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போகிறார். ஸ்மித் தாளை அனுப்பவில்லை. சில நாள் கழித்து ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கும் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, உதவித்தொகை ஒப்பந்தத்தில் மட்டும் போட்டார். அந்த ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தைக் கட்டும், பையனைக் கட்டாது. அவர் 2017-இல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான (தற்காப்பில் ஆடும் ஒரு இடம்) பட்கஸ் விருதை வாங்கினார், அடுத்த வருடம் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் சிகாகோ பேர்ஸ் அவரை எட்டாவது ஆளாக எடுத்தது.

இப்படி ஒரு வழி எல்லோருக்கும் திறந்திருந்தது. அதில் நடக்க முடிந்தது ஸ்மித் மாதிரி பத்து இடத்திலிருந்து அழைப்பு வந்தவர்களால்தான். ஒரே ஒரு அழைப்பு வந்த பையன் ‘உங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்றால், சரி தம்பி, போய் வா என்று அடுத்தவனைக் கூப்பிட்டிருப்பார்கள். உங்கள் தெருப் பையன் மேஜையில் மூன்று தொப்பிகள் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். விழா மேஜைத் தொப்பி எல்லாமே உண்மையான அழைப்பு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். போட்டோவுக்காக வைப்பதும் உண்டு.

உங்கள் தெருப் பையனுக்கு விழுந்த அடியில் நாள்காட்டிக்கும் பங்குண்டு. வெகுகாலம் கையெழுத்து நாள் பிப்ரவரி முதல் புதன்கிழமை. கோச்சுகள் வேலை மாறும் டிசம்பர், ஜனவரி அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். 2017-இல் டிசம்பரிலேயே கையெழுத்து வாங்கலாம் என்று கொண்டுவந்தார்கள். யார் தங்கப்போகிறார், யார் கிளம்பப்போகிறார் என்று தெரியாத மாதத்தில் பையன்கள் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். அதற்கு அடுத்த வருடமே உங்கள் பள்ளி ஜிம்மில் அந்த விழா.

கடிதத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. அது நல்லதா என்று கேட்டீர்கள். போனதில் எனக்கு வருத்தமில்லை. ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. 2021-இலிருந்து ஒருமுறை தண்டனையில்லாமல் மாறலாம் என்றார்கள், 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள். அப்புறம் அந்தத் தாளுக்கு என்ன வேலை? கையெழுத்துக்குப் பிறகு மற்றவர்கள் பையனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற விதியை மட்டும் உதவித்தொகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் கட்டு வேறு வடிவில் திரும்பி வருகிறது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. பணம் வந்தால் வக்கீல் வருவார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேவியர் லூகாஸ் என்ற வீரர் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டிருந்தார், அதற்குள் மயாமிக்குப் போய்விட்டார். விஸ்கான்சின் 2025 ஜூனில் மயாமி பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குப் போட்டது. பழைய கடிதம் பையனின் ஒரு பருவத்தைப் பிடுங்கியது. இனி போடப்போகும் ஒப்பந்தங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கும். பதினேழு வயதில் அதைப் படித்துப் புரிந்துகொள்ள அவனுக்கு யார் உதவுவார்கள் என்பதுதான் என் கவலை. பழைய தாளையாவது ஒரு பள்ளி ஆசிரியரால் படித்து விளக்க முடிந்தது.

இன்னொன்று. பெரிய பல்கலைக்கழகங்கள் இப்போது பள்ளிப் பையனைவிட, வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடித் தேர்ந்தவனையே விரும்புகின்றன. மாறும் சுதந்திரம் இருபது வயதுக்காரனுக்குக் கிடைத்தது, அதன் விலையில் ஒரு பகுதியைப் பதினேழு வயதுக்காரன் கொடுக்கிறான்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பையன் முதல் வருடம் எத்தனை ஆட்டம் ஆடினான் என்று நீங்கள் எழுதவில்லை. 2018-இல் ஒரு விதி வந்தது: நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் அந்தப் பருவம் கணக்கில் சேராது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்றால் அவனுக்கு நான்கு பருவமும் அப்படியே இருந்திருக்கும். விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்