எண்ணெய்த் தொட்டி புதைந்திருந்த மனையில் மண், நீர்ப் பரிசோதனை

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர் அருகே நான் வாங்கிய மனையில் முன்பு லாரி செட் இருந்தது. மண்ணுக்கடியில் இருந்த பெட்ரோல், டீசல் தொட்டிகளை நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். போர்வெல் தண்ணீரைச் சோதித்ததில் குடிக்க ஏற்றது என்று அறிக்கை வந்துள்ளது. அதை நம்பி வீடு கட்டலாமா?

பதில்: அந்த அறிக்கையில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், கிருமி ஆகியவைதாம் இருக்கும். கடலோர ஊர் என்பதால் உப்பைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம்; எண்ணெய் இருக்கிறதா என்று அந்தச் சோதனை தேடுவதே இல்லை. மேலும், பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை என்பதால் நிலத்தடி நீர்மட்டத்தின் மேற்பரப்பில் மிதக்கும். ஆழத்திலிருந்து இறைக்கும் போர்வெல்லில் அவை தென்படாமலே போகலாம்.

முதலில் மண். தொட்டியை எடுத்த குழியை வெளியிலிருந்து கொண்டுவந்த மணலால் நிரப்பியிருப்பார்கள். அதைச் சோதித்தால் சுத்தம் என்றுதான் வரும். குழியின் அடிக்குக் கீழேயும் சுவர்களிலும் உள்ள இயற்கை மண்ணையும், குழாய் சென்ற தடத்திலும் பம்பு நின்ற இடத்திலும் உள்ள மண்ணையும் எடுக்க வேண்டும். தொட்டியைவிடக் குழாய் இணைப்புகளில் கசிந்த இடங்களை நான் அதிகம் கண்டிருக்கிறேன். வயல் மண் பரிசோதனைக்குச் செய்வதுபோலப் பல இடத்து மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தினால், தேடும் பொருளே ஆவியாகிப் போய்விடும். ஒவ்வோர் இடத்து மண்ணையும் எடுத்தவுடன் ஆய்வகம் தரும் கலனில் தனித்தனியே அடைத்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள்.

நீருக்குக் குறைந்தது மூன்று ஆழமற்ற கண்காணிப்புக் கிணறுகளை முக்கோணமாக அமைக்க வேண்டும். துளையிட்ட குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருப்பது அவசியம். மூன்றின் நீர்மட்டங்களையும் ஒப்பிட்டால்தான் நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரியும். கிழக்கே கடல் இருப்பதால் கிழக்குத்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டு மோட்டாரே திசையை மாற்றிவிடும். மாதிரியைத் தண்ணீர் பாட்டிலில் பிடிக்கக் கூடாது. அமிலம் சேர்த்த 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிக் குளிரில் வைத்தால் 14 நாட்களுக்குள் சோதிக்கலாம்.

ஆய்வகத்திடம் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், நாப்தலீன் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் நாடு முழுவதும் நின்றது. உங்கள் தொட்டி அதற்கு முந்தியதென்றால் ஈயத்தையும் சேருங்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், இந்தச் சோதனைகள் அந்தச் சான்றுக்குள் அடங்குகின்றனவா என்றும் பாருங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே முறை எடுத்தால் போதாது. வடகிழக்குப் பருவமழையில் மட்டம் ஏறும்போது மிதந்த எண்ணெய் மண்துகள்களுக்கிடையே சிக்கி நீருக்குள் அமிழும். கோடையில் மட்டம் இறங்கினால் மீண்டும் வெளிப்படும். ஆகவே மே மாதத்தில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என இரு முறை எடுங்கள்.

முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்; கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், வீட்டு ஆர்.ஓ. கருவியையும் இதற்கு நம்ப இயலாது. எண்ணெய் இருப்பது உறுதியானால் போர்வெல்லை நிறுத்திவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். இறைத்துத் தீர்த்துவிடலாம் என்று மோட்டாரை ஓடவிட்டால், மேலே மிதந்தது ஆழத்துக்கு இழுபடும். அடித்தளம் தோண்டுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.