கிணற்றில் டீசல் வாடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா வணக்கம். எங்கள் தோட்ட லயத்துக்குப் பின்னால் முன்பு ஒரு லோரிப் பட்டறை இருந்தது. அங்கே மண்ணுக்கடியில் புதைத்திருந்த டீசல் தொட்டி ஓட்டை என்று இப்போதுதான் தெரிகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வாடை வருகிறது. நிலத்துக்காரர், இரண்டடி கறுப்பு மண்ணை வாரிச் செம்பனைக் காட்டுக்குள் கொட்டிவிட்டு, செம்மண் போட்டு மூடித் தருகிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா.

முதலில் தண்ணீர். இன்றைக்கே அந்தக் கிணற்றை நிறுத்துங்கள், குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட எதற்கும் வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், டீசல் போகாது. அதில் ஆவியாகிற கொஞ்சமும் அடுப்படிக் காற்றில் கலந்து உங்கள் மூச்சுக்குள்தான் போகும். பெட்ரோலில் நிறையவும் டீசலில் குறைவாகவும் இருக்கிற பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவுக்கெல்லாம் மூக்குக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் நாளைக்கு வாடை நின்றுவிட்டாலும் பரிசோதனை முடிவு கையில் வரும்வரை கிணற்றைத் தொடாதீர்கள்.

அடுத்து மண். கசிந்த டீசல் மேலே இரண்டடியில் உட்கார்ந்திருக்காது. தொட்டியே அதற்குக் கீழேதானே இருக்கிறது! அது இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானது என்பதால், மேலே மிதந்தபடி நீரோட்டம் போகும் பக்கம் நகரும். நம் ஊர் மழைக்கு நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி, பல அடி மண்ணில் அப்பிக்கொள்ளும். இப்படிப்பட்ட இடங்களில் குழாய்க்கிணறு போட்டு, கண்ணாடி போன்ற நீளக் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கித் தூக்கியிருக்கிறேன். கீழே தெளிந்த தண்ணீர், மேலே பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இரண்டு விரற்கடை டீசல். தரையில் பார்த்தால் புல் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்தவர்கள் யாரும் செம்மண் போட்டு மூடலாம் என்று பேச மாட்டார்கள்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? தொட்டியையும் அதைச் சுற்றி நனைந்த மண்ணையும் எடுக்க வேண்டும். குறைந்தது மூன்று குழாய்க்கிணறு போட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியும். மிதக்கிற டீசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். பெட்ரோலாக இருந்தால் மண்ணிலிருந்து ஆவியை இழுத்தே பெரும்பகுதியை எடுத்துவிடலாம், டீசலுக்கு அது அவ்வளவாகப் பலிக்காது. அதற்குப் பாக்டீரியாதான். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது; காற்றும் ஈரமும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் மாதக்கணக்கில் வேலை செய்யும். களிமண் என்றால் காற்று உள்ளே போகாது, இன்னும் இழுக்கும். தானாகவே சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அமெரிக்காவின் பெமிட்ஜியைச் சொல்லுங்கள்: 1979இல் குழாய் வெடித்துக் கொட்டிய கச்சா எண்ணெய், நாற்பது ஆண்டுகள் கழித்தும் அங்கே மண்ணுக்கடியில் மிதந்துகொண்டிருந்தது.

அப்புறம், வாரிய மண்ணைச் செம்பனைக் காட்டில் கொட்டுவது சட்டப்படி குற்றம். எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யும்போது வரும் மண், மலேசியாவின் 2005ஆம் ஆண்டு கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 408 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்று பட்டியலிட்டு வைத்திருக்கும் ஆபத்தான கழிவு. உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மாசுபட்ட நிலத்துக்கென்றே அவர்களிடம் 2009ஆம் ஆண்டின் வழிகாட்டிகள் இருக்கின்றன, அதன்படி ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். லயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரின் படம், தேதி, வாடை எப்போது தொடங்கியது, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அதுவரை வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தரச் சொல்லி நிலத்துக்காரரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் மாற்றிய கறுப்பெண்ணெயை வேலி ஓரம் ஊற்றினால் கறையான் வராது, புல்லும் முளைக்காது என்கிறார்களே?
– வாசகர், தாப்பா

பதில்: புல் முளைக்காத மண்ணில் நாளைக்கு உங்கள் கீரையும் முளைக்காது தம்பி. அதில் எஞ்சினிலிருந்து தேய்ந்து வந்த உலோகமும் இருக்கும், மழையில் கழுவிக் கால்வாய்க்குத்தான் போகும். ஒரு போத்தலில் பிடித்து மூடி, எண்ணெய் மாற்றும் பட்டறையில் கொடுங்கள். அங்கே சேர்த்து வைக்கும் டிரம் இருக்கும்.