ஐந்து கிரெடிட், ஓர் எஃப்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறோம். மகன் வரும் ஆகஸ்டில் ஹைஸ்கூல் போகிறான். பெற்றோர் கூட்டத்தில் 'ஒன்பதாம் வகுப்புதான் முக்கியம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் தஞ்சாவூரில் படித்தவள். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு என்றால் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே ஆரம்பித்துவிடும் வருடம், அவ்வளவுதான். பொதுத்தேர்வே இல்லாத வருடத்தில் அப்படி என்ன இருக்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஹைஸ்கூல்களைச் சீர்திருத்த பில் கேட்ஸ் 200 கோடி டாலர் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார் என்று படித்தேன். அவ்வளவு பணத்துக்கும் அசையாததை வேறு எது அசைக்கும்?

கோமதி

அன்புள்ள கோமதி,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளை பள்ளியின் அளவை மாற்றிப் பார்த்தது. சிகாகோவில் சிலர் அளவைத் தொடாமல் ஒன்பதாம் வகுப்பைக் கையில் எடுத்தார்கள். இரண்டாவதுதான் நன்றாகப் பலித்தது. அதற்கு முன்னால் கிரெடிட் கணக்கைப் பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பெற்றோர் சறுக்குவது அங்கேதான்.

தமிழ்நாட்டில் ஒரு பையன் ஜனவரி வரை ஊர் சுற்றிவிட்டு, திருப்புதல் தேர்வு சமயத்தில் விழித்துக்கொண்டு, பொதுத்தேர்வில் தேறிவிடலாம். அரைப்பரீட்சையில் என்ன வாங்கினாய் என்று பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. அமெரிக்க டிப்ளமா, அதாவது ஹைஸ்கூலை முடித்ததற்கான சான்றிதழ், சிறுவாட்டுக் காசு மாதிரி. நான்கு வருடம் சேர்க்க வேண்டும். ஒரு பாடத்தை முழு வருடம் படித்துத் தேறினால் 1 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு அரை. சிகாகோ அரசுப் பள்ளிகளில் டிப்ளமாவுக்கு 24 கிரெடிட் வேண்டும். உங்கள் ஊரில் எண் கொஞ்சம் மாறலாம். முதல் செமஸ்டரில் அல்ஜீப்ராவில் எஃப், அதாவது ஃபெயில் கிரேடு, வாங்கினால் அந்த அரை கிரெடிட் போயிற்று. இரண்டாம் செமஸ்டரில் நன்றாகச் செய்தால் கிடைப்பது இன்னொரு அரை கிரெடிட். போனது கல்லூரி அரியர் போலத் தனியே நிற்கும். கோடை வகுப்பிலோ, மாலை வகுப்பிலோ, அடுத்த வருட அட்டவணையில் விருப்பப் பாடம் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்திலோதான் அதைக் கழிக்க முடியும்.

இந்த அளவுகோல் வந்த வழி வேடிக்கையானது. 1905இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். எது கல்லூரி, எது கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்ட பள்ளி என்று அந்த அறக்கட்டளை தீர்மானிக்க வேண்டியிருந்தது. சேரும் மாணவரிடம் 14 யூனிட் ஹைஸ்கூல் படிப்பைக் கேட்பதுதான் கல்லூரி என்றார்கள். ஒரு யூனிட் என்பது ஏறத்தாழ 120 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது. பேராசிரியர்களின் பென்ஷனுக்காகப் போட்ட கணக்கில்தான் பிள்ளைகள் இன்னும் தேறிக்கொண்டும் தோற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். இதற்கு மாற்று உண்டா என்று அதே அறக்கட்டளை ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. உடனே எடுத்து வைக்கத்தக்க மாற்று எதுவும் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டது.

இனி சிகாகோ. 2005இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மையத்தைச் சேர்ந்த எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் குறைந்தது 5 கிரெடிட் இருக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டர் எஃபுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மாணவர் 'தடத்தில் இருக்கிறார்'. தடத்தில் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கு வருடத்தில் பள்ளியை முடித்தார்கள். தடம் விலகியவர்களில் முடித்தவர்கள் 22 சதவீதம். எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட இந்த எளிய கணக்கு எதிர்காலத்தைச் சரியாகச் சொன்னது.

2007இல் அடுத்த அறிக்கை. பிள்ளைகள் ஏன் எஃப் வாங்குகிறார்கள்? படிப்பு ஏறாததால் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தரவு வருகைப் பதிவேட்டைக் காட்டியது. பாடத்தில் தோற்பதை முன்கூட்டிச் சொல்வதில், எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைவிட வகுப்பு வருகை எட்டு மடங்கு வலுவாக இருந்தது. நல்ல மதிப்பெண்ணோடு வந்து ஒரு செமஸ்டரில் இரண்டு வாரம் வகுப்பைத் தவறவிட்டவர்கள், குறைந்த மதிப்பெண்ணோடு வந்து ஒரு வாரம் மட்டுமே தவறவிட்டவர்களைவிட அதிகப் பாடங்களில் தோற்றார்கள்.

காரணம் ஹைஸ்கூலின் அமைப்பிலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிக்க ஓரிரு ஆசிரியராவது இருப்பார்கள். ஹைஸ்கூலில் ஏழு பாடத்துக்கு ஏழு ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து பிரிவு, பிரிவுக்கு 30 பேர் என்றால் 150 முகங்கள். ஒரு பையன் காலையில் வந்து பெயர் கொடுத்துவிட்டு ஆறாவது பீரியடை மட்டும் கட் அடித்தால், அன்றைய நாள் வருகையில் அவன் 'ஆஜர்'. கணித ஆசிரியருக்கு மட்டும்தான் அவன் காணாமல் போனவன். அந்தப் பையனை முழுதாகப் பார்க்கும் ஆள் பள்ளியில் யாருமே இல்லை.

மதிப்பெண் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து வேலைகளில் நான்கில் 80 வாங்கி, ஒன்றைக் கொடுக்கவே இல்லை என்றால் பூச்சியத்தோடு சேர்த்துச் சராசரி 64. இரண்டைக் கொடுக்காவிட்டால் 48. 60க்குக் கீழே எஃப் என்ற பொது வழக்கில், பாடம் நன்றாகப் புரிந்த பிள்ளையே எஃபில் விழும். இதற்காகச் சில பள்ளிகள் பூச்சியத்துக்குப் பதில் 50 போடுகின்றன. அப்போது இதே சராசரி 68. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாமதமானாலும் அந்த இரண்டு வேலைகளையும் வாங்கித் திருத்துவதுதான் சரி. ஆசிரியருக்கு அதிக வேலை என்பதும் உண்மைதான்.

சிகாகோ பள்ளிகள் செய்தது இதற்கு நேரான வேலை. ஆகஸ்டுக்கு முன்பே, எட்டாம் வகுப்பு வருகையையும் கிரேடுகளையும் வைத்து, யாரைக் கண்காணிக்க வேண்டும் என்ற பட்டியல் தலைமையாசிரியர் கைக்கு வந்தது. வகுப்புகள் தொடங்கியபின் யார் எந்தப் பாடத்தில் டி, எஃபில் இருக்கிறார் என்று இன்னொன்று. செமஸ்டர் முடிந்ததும் யார் எந்த கிரெடிட்டைக் கழிக்க வேண்டும் என்று மூன்றாவது. பட்டியலுக்கு உயிர் கொடுத்தது ஆசிரியர் குழு. ஒரே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்ப்பார்கள்: இவளிடம் யார் பேசுவது, எந்த வேலை பாக்கி, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது.

இது எங்கெல்லாம் கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் பொது நேரம் ஒதுக்காவிட்டால் கூட்டம் நடக்காது. குழுவில் உள்ளவர்களுக்குப் பொதுவான மாணவர்கள் இல்லாவிட்டால் பேச ஒன்றும் இருக்காது. பட்டியல் செமஸ்டர் கடைசியில் வந்தால் அது பிரேதப் பரிசோதனை. தேதியும் பொறுப்பாளர் பெயரும் எழுதாவிட்டால், கூட்டம் 'அவன் வீட்டுச் சூழல் சரியில்லை' என்ற புலம்பலில் முடியும். ஓர் எஃப், இரண்டு எஃப் உள்ளவர்களை முதலில் எடுக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பிலும் இரண்டு மாலை வகுப்பிலும் திரும்பக்கூடியவர்கள் அவர்கள். ஏழிலும் எஃப் வாங்கியவருக்கு வேண்டியது வேறு வகை உதவி. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் ஆசிரியர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள்.

2007இல் சிகாகோவில் தடத்தில் இருந்த ஒன்பதாம் வகுப்பினர் 57 சதவீதம். 2013இல் 82. சும்மா பாஸ் போட்டிருப்பார்கள் என்று சந்தேகம் எழுந்தது, எழ வேண்டியதும்தான். அப்படியானால் பத்திலும் பதினொன்றிலும் அந்தப் பிள்ளைகள் சரிந்திருக்க வேண்டும். முன்னதாகவே முன்னேறிய பள்ளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது அப்படிச் சரியவில்லை. முன்பு இடையில் நின்றிருக்கக்கூடியவர்களும் பள்ளியில் தங்கிய பிறகும், கல்லூரிச் சேர்க்கைக்கான ஏ.சி.டி. தேர்வின் சராசரி குறையவில்லை. முன்னேற்றம் முழுக்க இந்த ஒரு வேலையால்தான் என்று நான் சொல்லமாட்டேன். அதே காலத்தில் சிகாகோவில் வேறு பல மாற்றங்களும் நடந்தன.

இனி கேட்ஸ். 1959இல் ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், பள்ளியை முடிக்கும் கடைசி வகுப்பில் 100 பேராவது இல்லாத ஹைஸ்கூல்களை ஒழித்துப் பெரிதாக்குங்கள் என்றார். நாற்பது வருடம் கழித்து, கேட்ஸ் பணத்தோடு, பெரியதை உடைத்துச் சிறிதாக்குவது வந்தது. டென்வரின் மேனுவல் ஹைஸ்கூலை 2001இல் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளாகப் பிரித்தார்கள். 2006இல் மூடினார்கள். ஆசிரியர்கள் அதே ஆட்கள், கட்டடமும் அதே. ஆனால் வாத்தியக் குழு, உயர்நிலைக் கணிதம் போன்றவற்றைத் தனித்தனியே நடத்த எந்தத் துண்டுக்கும் போதுமான பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். சமையலறை ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டை மூன்றாகத் தடுத்த கதை. தாங்கள் பணம் கொடுத்த பல சிறு பள்ளிகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று கேட்ஸே 2009இல் தன் ஆண்டுக் கடிதத்தில் எழுதினார்.

ஆனால் 'கேட்ஸாலேயே முடியவில்லை' என்பது பாதி உண்மை. நியூயார்க்கில் பழைய பள்ளியை உடைக்காமல், மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள்; அங்கும் கேட்ஸ் பணம் உண்டு. வகுப்புக்குச் சுமார் 100 பேர், தலைமையாசிரியரே தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள். விண்ணப்பம் அதிகமான இடங்களில் குலுக்கல் நடந்ததால் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, இடம் கிடைத்தவர்களில் 70.4 சதவீதமும் கிடைக்காமல் வேறு பள்ளிக்குப் போனவர்களில் 60.9 சதவீதமும் பள்ளியை முடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரிந்த பெரியவர்கள் இருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. சிகாகோ அதையே கட்டடத்தை உடைக்காமல், பட்டியலும் கூட்டமும் கொண்டு செய்தது.

எந்த எண்ணை வைத்துப் பள்ளியை எடை போடுகிறோமோ, அந்த எண்ணில் கை வைப்பார்கள். தலைநகர் வாஷிங்டனில் 2017இல் டிப்ளமா பெற்ற 2,758 பேரில் 937 பேருக்கு, வருகைக் குறைவு முதலான விதிகளை மீறிக் கொடுக்கப்பட்டதாக நகரின் தணிக்கையே சொன்னது. சிகாகோவும் உத்தமர் இல்லை. இடைநின்றவர்களை 'வேறு ஊர் போய்விட்டார்' என்று பதிந்தது வெளிவந்தபின், 2014க்கான பள்ளியை முடித்தோர் விகிதத்தை 69.4இலிருந்து 66.3ஆகத் திருத்தினார்கள். நாடு முழுவதும் ஹைஸ்கூலை முடித்தோர் 2010-11இல் 79 சதவீதம், 2019-20இல் 87. ஆனால் தேசிய மதிப்பீட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதச் சராசரி 2005இல் 150, 2019இலும் 150, 2024இல் 147. பிள்ளைகளைப் பள்ளியில் தங்கவைக்கத் தெரிந்துவிட்டது. கற்பிப்பது இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

உங்கள் மகனுக்கு வருவோம். சிகாகோ ஆய்வின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். உங்கள் பகுதிக் கதை வேறாக இருக்கலாம், ஆனால் கிரெடிட் கணக்கு ஒன்றுதான். முதல் ஐந்து வாரம் முடிந்ததும் பள்ளியின் இணையப் பக்கத்தில் மொத்த கிரேடைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் கொடுக்காத வேலை எத்தனை என்று எண்ணுங்கள். வருகையை நாள்வாரியாகப் பார்க்காமல் பீரியட் வாரியாகப் பாருங்கள். ஒரு பாடம் சிக்குகிறது என்றால் கவுன்சிலருக்காக, அதாவது பள்ளியின் மாணவர் ஆலோசகருக்காக, காத்திருக்க வேண்டாம். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்தான் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை, நடைமுறையில் அதைவிடக் கூடுதல். நேரே பாட ஆசிரியருக்கு எழுதுங்கள். ஒருவேளை கிரெடிட் கழிக்க நேர்ந்தால், ஆன்லைனா, நேர் வகுப்பா என்று கேட்பார்கள். சிகாகோவில் அல்ஜீப்ராவில் தோற்றவர்களைக் குலுக்கலில் பிரித்துச் சோதித்தபோது, ஆன்லைனில் 66 சதவீதமும் வகுப்பறையில் 76 சதவீதமும் கிரெடிட்டை மீட்டார்கள். நேர் வகுப்பைக் கேளுங்கள்.

டிசம்பரில் ஊருக்கு வந்து பொங்கல் முடித்துத் திரும்பும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? பள்ளிக்குப் பள்ளி, முதல் செமஸ்டர் கிறிஸ்துமஸுக்கு முன்போ ஜனவரி நடுவிலோ முடிகிறது. இறுதித் தேர்வும் பாக்கி வேலைகளைக் கொடுக்கும் கடைசித் தேதியும் அந்த வாரத்தில்தான் வரும். டிக்கெட் போடும் முன் பள்ளி நாட்காட்டியை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்