பனிக்கடல் ஸிகோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மகனுக்கு 14 வயது. எங்கள் பகுதி கால்பந்து கிளப்பில் மிட்ஃபீல்டில் ஆடுகிறான். போன வாரம் ஒரு பெரிய கிளப்பின் இளையோர் அணியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போதைய பயிற்சியாளரோ, அங்கே போனால் பாதி நாள் பெஞ்சில்தான் என்கிறார். இப்படி ஒரு வாய்ப்பை விடுவது மடத்தனம் என்று எனக்குப் படுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்டுட்கார்ட் அணியின் பழைய ரசிகர். ஆஸ்கேர் சிகுர்வின்சன் என்ற ஐஸ்லாந்துக்காரரின் கதையைச் சொல்லி, அவசரப்படாதே என்கிறார். நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக்கில் ஒரே வருடம், அங்கே ஜொலிக்கவில்லை. உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. நாட்டுக்காக வெறும் 45 ஆட்டங்கள். இதை எப்படி வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்வது? ஐஸ்லாந்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் ஐடுர் குட்யோன்சன்தானே? மூன்றரை லட்சம் பேரை வைத்துக்கொண்டு ஐஸ்லாந்து 2018ல் உலகக் கோப்பைக்குப் போனது, 140 கோடிப் பேர் இருந்தும் நம்மால் ஏன் முடியவில்லை? பையனை அனுப்பலாமா, சொல்லுங்கள்.

க., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள க.,

அந்த 140 கோடிக் கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். உலகக் கோப்பை வரும்போதெல்லாம் வாட்ஸப்பில் இது ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும். மக்கள்தொகை பந்தை உதைப்பதில்லை. குளிரில் ஆட முடியாத ஊரில் 2000ஆம் ஆண்டிலிருந்து கூரை போட்ட முழு அளவு மைதானங்களைக் கட்டினார்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் முறையாகப் படித்த பயிற்சியாளர்களை வைத்தார்கள், பலன் கிடைத்தது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், தேடிப் படித்துக்கொள்ளுங்கள். ஐடுர் பெரிய ஆள்தான், செல்சியில் ஆடினார், பார்சிலோனாவில் ஆடினார், யார் இல்லை என்றது? ஆனால் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுவேஃபா தன் பொன்விழாவையொட்டி ஒவ்வொரு நாட்டுச் சங்கத்திடமும் கடந்த 50 வருடங்களில் உங்களுடைய சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டபோது ஐஸ்லாந்துக்காரர்கள் கொடுத்த பெயர் ஆஸ்கேர். பட்டிமன்றம் இதோடு முடிந்தது.

நான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததே வேறு காரணத்தால். கொஞ்ச நாளாக வெஸ்ட்மன்னேயார் தீவுகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐஸ்லாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் மீன்பிடித் தீவுகள் அவை. அதில் மக்கள் குடியிருப்பது ஹெய்மாய் என்ற ஒரே தீவில்தான். ஆஸ்கேர் 1955 மே 8ஆம் தேதி பிறந்தது அங்கேதான். இந்தத் தீவின் பெயரைக்கூடச் சொல்லாமல் பயர்ன், 45 ஆட்டம் என்று நீங்கள் கணக்கு ஒப்பித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு மனிதனின் வேலை வாழ்க்கையை அட்டவணையில் பார்க்கிற பழக்கம் எப்போது வந்தது நமக்கு?

1973 ஜனவரி 23, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்பு ஊரின் கிழக்கு ஓரத்தில் தரை பிளந்தது. மலை உச்சியில் இல்லை, வீடுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு நீளமான பிளவு திறந்து நெருப்பு வரிசையாகப் பீய்ச்சியடித்திருக்கிறது. தீவில் ஏறத்தாழ 5,300 பேர். முந்தைய நாள் புயல் அடித்ததால் மீன்பிடிப் படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை, எல்லாம் துறைமுகத்தில் நின்றன. அது இல்லையென்றால் கதையே வேறு மாதிரி போயிருக்கும். தூக்கக் கலக்கத்தில் இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஜனங்கள் துறைமுகத்துக்கு நடந்தார்கள், விடிவதற்குள் அநேகமாக மொத்த ஊரும் படகேறிக் கரை சேர்ந்துவிட்டது. அப்புறம் மாதக்கணக்கில் சாம்பல். கனம் தாங்காமல் கூரை உட்கார்ந்துவிடக் கூடாது என்று ஆட்கள் மேலே ஏறி மண்வெட்டியால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். துறைமுக வாயை எரிமலைக் குழம்பு அடைத்துவிட்டால் அந்த ஊருக்குப் பிழைப்பே இல்லை. அதனால் கடல்நீரைக் குழாய் குழாயாக இறைத்துக் குழம்பின் மேல் அடித்து அதை இறுக வைத்தார்கள். துறைமுகம் தப்பியது, சுமார் 400 வீடுகள் தப்பவில்லை. எரிமலை அடங்க ஜூலை மாதம் ஆகிவிட்டது.

அந்த ஊர்ப் பையன் ஆஸ்கேர். அதற்கு முந்தைய வருடம்தான் ஊர் அணியான ஐபிவி ஐஸ்லாந்துக் கோப்பையை வென்றிருந்தது, அவருக்கும் 17 வயதிலேயே நாட்டு அணியில் இடம் கிடைத்திருந்தது. ஊர் சாம்பலுக்கு அடியில் கிடந்த அதே வருடம், 18 வயதில், பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்கு ஸ்டாண்டர்ட் அணிக்காகப் போய் இறங்குகிறார். நிலக்கரியும் இரும்பும்தான் அன்றைய லியேஜ். மைதானத்தையொட்டியே உருக்காலைகள். எரிமலையிலிருந்து தப்பித்து வந்தவனை உலைக்களத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். எட்டு வருடங்கள் அங்கே ஆடினார். எட்டு வருடம், க.! இந்தக் காலத்தில் 18 வயதுப் பையன் ஒருவன் ஓர் அணியில் எட்டு வருடம் இருந்தால் லட்சியமே இல்லாதவன் என்று சொல்லிவிடுவீர்கள். கடைசி இரண்டு வருடங்கள் பயிற்சியாளராக இருந்தவர் எர்ன்ஸ்ட் ஹாப்பல். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். 1981ல் பெல்ஜியக் கோப்பையை 4-0 என்று வென்றார்கள். எதிரணியான லோக்கெரனில் இருந்தவர் ஆர்னோர் குட்யோன்சன், நீங்கள் கொண்டாடும் ஐடுரின் அப்பா. (அவர்களுக்கும் நம்மைப் போலத்தான், குடும்பப் பெயர் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது, அப்பாவின் பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொள்ளும். குட்யோன்சன் மாதிரிக் குடும்பப் பெயர் அங்கே விதிவிலக்கு.)

இப்போது பயர்னுக்கு வருவோம், உங்களை உறுத்துவது அதுதானே. 1981ல் போனார். அன்றைக்கு அந்த அணியில் பால் பிரைட்னரும் கார்ல்-ஹைன்ஸ் ரும்மெனிகேவும் வைத்ததுதான் சட்டம். இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்து 'பிரைட்னிகே' கிளப் என்றே பத்திரிகைகள் எழுதின. நடுக்களத்தில் பந்து யாரிடம் போக வேண்டும் என்பது பிரைட்னரைப் பார்த்து முடிவாகும். ஆஸ்கேரும் அதே வேலைக்காரர், பந்தை வாங்கி எங்கே ஆட்டம் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு தலைமைச் சமையல்காரர்களை விட்டால் என்ன ஆகும்? ஒருவர் கரண்டியைப் பிடிப்பார், இன்னொருவர் வெங்காயம் உரிப்பார். லீக் ஆட்டங்களில் பாதியில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த வருடம் பயர்ன் ஜெர்மன் கோப்பையை வென்றது, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது. நீங்கள் சொல்லும் கணக்கில் அது வெற்றிகரமான வருடம்தான், பதக்கம் கிடைத்ததே. ஆனால் அடுத்த வருடமே அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டுட்கார்ட்டுக்கு, அதைவிடச் சின்ன கிளப்புக்குப் போனார். நீங்கள் இதைத்தான் 'ஜொலிக்கவில்லை' என்கிறீர்கள். பயர்னை விட்டுத் தானாக வெளியே வர எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? 27 வயது, அன்றைய விதிப்படி ஒரு ஜெர்மன் அணியில் களமிறங்க இரண்டே இரண்டு வெளிநாட்டவருக்குத்தான் இடம். இன்னோர் இடத்திலும் சரிப்படவில்லை என்றால் அவ்வளவுதான், வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஸ்டுட்கார்ட்டில் நடந்ததை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், ஆனாலும் நான் சொல்லியே தீருவேன். அங்கே பந்து அவர் காலைத் தொடாமல் முன்னே போகாது. தடுப்புக்கு ஃபோர்ஸ்டர் சகோதரர்கள், பக்கத்தில் ஆல்கோவர், இளைஞன் புக்வால்ட், பயிற்சியாளர் பெந்தவுஸ். 1983-84 சீசன் முடிந்தபோது ஸ்டுட்கார்ட், ஹாம்பர்க், மன்ஷன்கிளாட்பாக் மூன்றும் 48 புள்ளிகள், பயர்ன் 47. ஜெர்மன் லீக்கில் அப்படி ஒரு நெருக்கடியை அரிதாகத்தான் பார்க்கலாம். கடைசி நாள் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தது ஹாம்பர்க். பயிற்சியாளர் யார்? லியேஜிலிருந்து போன அதே ஹாப்பல், முந்தைய வருடம் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கையோடு வந்து நிற்கிறார். ஹாம்பர்க் 1-0 என்று ஜெயித்தது. ஆனால் புள்ளிகள் சமமானதால் கோல் கணக்குதான் பேசியது, பட்டம் வாங்க ஹாம்பர்க் ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்க வேண்டும். ஸ்டுட்கார்ட்காரர்கள் சொந்த மைதானத்தில் தோற்றுவிட்டுப் பட்டத்தை வாங்கினார்கள், 1952க்குப் பிறகு முதல் முறையாக. அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரராக ஆஸ்கேரைத் தேர்ந்தெடுத்தவர்கள் சக ஆட்டக்காரர்கள். எதிரில் நின்று அவரிடம் அடி வாங்கியவர்கள். இதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கே இருக்கிறது? பிரேசிலின் அன்றைய நட்சத்திரம் ஸிகோவோடு சேர்த்துப் 'பனிக்கடல் ஸிகோ' என்று பெயர் வைத்தார்கள். 1990 வரை அங்கேயேதான் இருந்தார்.

அந்த 45 ஆட்டங்கள். இந்த ஒன்றைக் கேட்டதும் உண்மையிலேயே கோபம் வந்தது. பிர்கிர் பியார்னசன் 113 ஆட்டங்கள், ரூனர் கிறிஸ்டின்சன் 104, இவர் வெறும் 45 என்று ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். 1972லிருந்து 1989 வரை 17 வருடங்களில் 45 ஆட்டம். ஏன் என்று கேட்டீர்களா? அன்றைக்கு ஐஸ்லாந்து வருடத்துக்குச் சில ஆட்டங்கள்தான் ஆடும். அதற்கும் வெளிநாட்டுக் கிளப் தன் ஆளை விட வேண்டும். இன்றைக்கு இருக்கிற மாதிரி இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை நாட்டு அணிக்கு என்று கறாரான ஏற்பாடு அப்போது கிடையாது. சம்பளம் கொடுக்கிறவன் சனிக்கிழமை ஆட்டத்தைத்தான் பார்ப்பான், ரெய்க்யாவிக்கில் நடக்கும் தகுதிச் சுற்று அவனுக்கு எதற்கு? அப்படி விட்டால், விமானம் ஏறிப் போய், உள்ளூரில் வேலை பார்த்துக்கொண்டே பந்தாடுகிற தோழர்களோடு நிற்க வேண்டும், எதிரே தொழில்முறை ஆட்டக்காரர்கள். வெளிநாட்டில் பெயர் வாங்கியதற்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலை இது. அதை அவர்களுடைய குறையாக எழுதிவைத்திருக்கிறோம். அந்த 45ல் ஒன்று 1975 ஜூன் 5 அன்று ரெய்க்யாவிக்கில் நடந்தது. எதிரணி கிழக்கு ஜெர்மனி. முந்தைய வருட உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியையே மண்ணைக் கவ்வ வைத்த அணி. ஐஸ்லாந்து 2-1 என்று ஜெயித்தது, அந்த இரண்டில் ஒன்று ஆஸ்கேர் அடித்தது, 20 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதை 113ல் எத்தனையோடு நிறுப்பீர்கள்?

சரி, குரலைத் தாழ்த்துகிறேன்.

1989 யுவேஃபா கோப்பை இறுதி ஆட்டங்களின் பழைய பதிவை இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம். ஸ்டுட்கார்ட் இத்தாலியின் நபோலிக்கு எதிராக, மே 3 நேபிள்ஸில், மே 17 ஸ்டுட்கார்ட்டில். இடையில் ஆஸ்கேருக்கு 34 வயது நிறைந்தது. முதல் ஆட்டத்தில் மரடோனா பந்தைக் கையால் அடக்கியதை நடுவர் பார்க்கவில்லை, அதைத் தொடர்ந்து பெனால்டி, கடைசியில் 2-1 என்று நபோலி ஜெயித்தது. இரண்டாவது 3-3. மொத்தத்தில் 5-4, கோப்பை நபோலிக்கு. எல்லோரும் மரடோனாவையும் ஸ்டுட்கார்ட்டின் கிளின்ஸ்மனையும் பார்ப்பார்கள். நான் ஆஸ்கேரை மட்டும் பார்ப்பேன். இளசுகள் ஓடி ஓடி மூச்சு வாங்கும்போது இவர் கொஞ்சமாக நகர்கிறார், பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்துவைத்துக்கொள்கிறார், வந்ததும் ஒரே தொடுகை, போய்விட்டது. கேமரா பந்தின் பின்னால் ஓடிவிடும், அவர் படத்தை விட்டே மறைந்துவிடுவார். எரிச்சலாக வரும் எனக்கு.

நாட்டுக்கு என்ன செய்தார் என்று இன்னும் கேட்பீர்களானால், 2003ல் அவரும் லோகி ஓலாப்சனும் சேர்ந்து பயிற்சி கொடுத்த ஐஸ்லாந்து ரெய்க்யாவிக்கில் ஜெர்மனியை 0-0 என்று நிறுத்தியது. அன்று இரவு ஜெர்மன் பயிற்சியாளர் ரூடி ஃபோலர் டிவி நேரலையில் பொரிந்து தள்ளியதை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நிச்சயம் நடித்தே காட்டுவார், கேட்டுப் பாருங்கள்.

பையன் விஷயம். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் நினைப்பது இருக்கிறது, பயிற்சியாளர் சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இருக்கிறது, பையன் சொன்னது ஒரு வரி இல்லை. 14 வயதில் அவனுக்கு வாய் இருக்கும் அல்லவா? அந்தப் பெரிய கிளப்காரர்களிடமும் கொஞ்சம் விவரமாகப் பேசுங்கள். அவனை எந்த இடத்தில் ஆடவைக்க நினைக்கிறார்கள், அதே இடத்துக்கு இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், ஆட்டத்தில் இறங்காத வாரங்களில் என்ன செய்வார்கள், பள்ளிக்கூடம் என்னவாகும். இதற்கெல்லாம் நேராகப் பதில் வந்தால் அனுப்புங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள், அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பிள்ளை மேல் ஆசை இல்லாதவன் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். 1984ல் அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பெரியவர் மைதானத்துக்குப் போயிருந்தாரா? போயிருந்தால், ஹாம்பர்க் கோல் அடித்த நேரத்தில் கூட்டம் என்ன செய்தது, ஆட்டம் முடிந்ததும் ஆஸ்கேர் எங்கே நின்றார், ஹாப்பலோடு பேசினாரா என்று கேட்டு அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள். சுருக்க வேண்டாம்.