சீனி சரியாக இருக்கிறதே, இன்னொரு குளிசை எதற்கு?

சாவகச்சேரியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: “அப்பாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். போன வருடம் மாரடைப்பு வந்தபிறகு இதயம் பலவீனம், கால் வீங்குகிறது. கிளினிக்கில் மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் தருகிறார்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு) 7தான். ஆனாலும் தனியார் வைத்தியர் எம்பாகிளிப்ளோசின் எழுதியிருக்கிறார். கனடா மாமாவோ ஊசிதான் இதயத்துக்கு நல்லது என்கிறார்.”

வைத்தியர் எழுதியது சரி மகள். அந்தக் குளிசை உங்கள் அப்பாவின் சீனிக்காக அல்ல, இதயத்துக்காக.

2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோய் இருந்த ஏறத்தாழ 7000 நீரிழிவுக்காரர்கள் பங்கெடுத்தார்கள். வழமையான மருந்துகளோடு எம்பாகிளிப்ளோசினும் எடுத்தவர்களில், அதை எடுக்காதவர்களைவிட இதய நோயால் இறப்பது 38 வீதம் குறைந்தது. நூறு பேர் கணக்கில் சொன்னால், மூன்று வருடத்தில் 6 பேர் இறந்த இடத்தில் 4 பேருக்கும் குறைவு. இதயம் பலவீனமாகி வார்டில் சேர்வதும் 35 வீதம் குறைந்தது. இரு பகுதியினரின் சீனி அளவிலும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

மாமா சொல்வதும் பிழையில்லை. லிராகுளுடைட் ஊசியால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 13 வீதம் குறைந்ததை 2016இல் கண்டார்கள். ஆனால் கால் வீங்கும் பலவீன இதயத்துக்கு என் தெரிவு குளிசைதான். பயோகிளிட்டசோன் என்ற சீனிக் குளிசை மட்டும் அப்பாவுக்கு வேண்டாம், அது உடம்பில் நீரைத் தேக்கும். கிளிக்கிளசைட் இதயத்துக்கென்று தனி நன்மை தருவதாகத் தெரியவில்லை, சீனியைத் திடீரென இறக்கவும் கூடும். புதுக் குளிசை சேரும்போது கிளிக்கிளசைட்டின் அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

தொடங்கமுன் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். அப்புறம், என்னை உண்மையில் பயப்படுத்துவது விரதம். அப்பா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பவரா? இந்தக் குளிசையோடு சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் சீனி பெரிதாக ஏறாமலும் இருக்கும், அதனால் ஏமாந்துபோவீர்கள். சத்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். விரதத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் சில நாள் முன்பே நிறுத்த வேண்டிவரும், முதலில் வைத்தியரைக் கேளுங்கள். வயிற்றோட்டம், சத்தி வந்தால் அன்றே நிறுத்துங்கள். பிறப்புறுப்பில் கடி, சிவப்பு வந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள், பெரும்பாலும் பூஞ்சணத் தொற்றாக இருக்கும், மருந்து உண்டு.

வெளியில் வாங்கும் குளிசை கிளினிக் கொப்பியில் இருக்காது. அடுத்த முறை போகும்போது அட்டையையும் கொண்டுபோய்க் காட்டி, கொப்பியில் எழுதுவித்துவிடுங்கள்.