வாயில்லாத ரோபோவும் வாசகர் கேள்விகளும்

போன இதழில் ‘வால்-ஈ’ படத்தைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. எனவே இந்த முறை முழுக்க ரோபோதான். படம் பார்க்காதவர்களுக்கு மட்டும்: 2008-ல் பிக்ஸார் நிறுவனம் எடுத்த அனிமேஷன் படம். மனிதர்கள் கைவிட்டுப்போன பூமியில் குப்பையை அமுக்கிக் கட்டிகட்டியாக அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ரோபோ, வானத்திலிருந்து வந்து இறங்கும் ஈவ் என்ற புத்தம்புது ரோபோ, அப்புறம் காதல்.

கேள்வி: அதற்கு வாய் கிடையாது, மூக்கு கிடையாது, புருவம்கூடக் கிடையாது. ஆனாலும் அது வருத்தத்தில் இருக்கிறது என்று என் சின்ன மகள் சொல்கிறாள். என்ன மாயம்?

பதில்: எல்லாம் ஒரு பைனாகுலர் செய்த மாயம். இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் ஒருமுறை பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார். யாரோ கையில் கொடுத்த பைனாகுலரைத் தன் பக்கமாகத் திருப்பிவைத்து, நடுவில் இருக்கும் கீலை இப்படி மடக்க, ஒரு சோகமான முகம். அப்படி மடக்க, கோபமான முகம். மனிதர் அதையே திருப்பித் திருப்பி விளையாடிக்கொண்டிருந்ததில் ஒரு இன்னிங்ஸ் முழுக்க ஆட்டம் கண்ணில் படவில்லை. வால்-ஈயின் முகம் அதுதான்: இரண்டு குழாய், நடுவில் ஒரு கீல். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள், அதன் உடம்பு கார்ட்டூன் பாத்திரங்கள்போல எங்கும் ரப்பராக நீளாது, நசுங்காது. கண் சாயும், கழுத்து தாழும், கை கோர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதற்கு அனுமதி.

இன்னொன்று, படக்குழுவினர் ஏறக்குறைய ஒரு வருடம் மதியச் சாப்பாட்டு வேளையில் சாப்ளின், பஸ்டர் கீட்டன் மௌனப் படங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாப்ளினை எல்லோருக்கும் தெரியும், கீட்டனைத் தெரியாதவர்கள் தேடிப் பாருங்கள். என்ன ஆபத்து வந்தாலும் முகத்தில் ஒரு தசை அசையாது, தலை மட்டும் மெல்லத் திரும்பும், தியேட்டரே சிரிக்கும். வாயில்லாத ரோபோவுக்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

கேள்வி: வால்-ஈக்குக் குரல் கொடுத்த நடிகர் யார்?

பதில்: நடிகரே இல்லை, ஒலி வடிவமைப்பாளர். பென் பர்ட் என்று பெயர். 1977-ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஆர்2-டி2 ரோபோவைப் பேசவைத்தவரும் அவரேதான். தன் குரலைப் பதிவுசெய்து, கம்ப்யூட்டரில் பிரித்து, நீட்டி, மேலும் கீழும் இழுத்து வால்-ஈயின் குரலை உண்டாக்கினார். ஈவுக்குக் குரல் கொடுத்த எலிஸா நைட்கூடத் தொழில்முறை நடிகை இல்லை, பிக்ஸார் ஊழியர்.

ஆனால் குரலைவிட எனக்கு ஆச்சரியம் மற்ற சத்தங்கள்தான். ஜான் வெய்ன் நடித்த பழைய படம் ஒன்றில் கையால் சுற்றும் ஜெனரேட்டரின் சத்தம் பர்ட்டுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதேமாதிரி ஒன்றை இணையத்தில் தேடிப்பிடித்து வாங்கி, சுற்றிச் சுற்றிப் பதிவுசெய்தார். வால்-ஈ மெதுவாக நகரும்போது கேட்கும் உறுமல் அதுதான். வேகமாகச் சுற்றினால் சத்தத்தின் சுருதி ஏறும் இல்லையா, அதனால் ரோபோ அவசரப்படுவது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். பூமியில் வீசும் புழுதிக்காற்று? கனமான கித்தான் பையைக் கம்பளத்தின்மேல் இழுத்தது. ஈவின் துப்பாக்கி? படிக்கட்டில் தானே இறங்குமே அந்த ஸ்லிங்கி ஸ்பிரிங் பொம்மை, அதை நீளமாக இழுத்துப் பிடித்துத் தட்டியது. வால்-ஈயோடு திரியும் கரப்பான்பூச்சி நடக்கும் சத்தம் கைவிலங்கைக் கிளிக் கிளிக் என்று பூட்டியதில் வந்தது! இப்படி 2,000-க்கும் மேற்பட்ட ஒலிகள்.

மின்னணுவில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் கருவியில் ஒரு பொத்தானைத் தட்டினால் இதையெல்லாம் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான், ஆனால் கேட்கிறவர் காதுக்கு எடை தெரியாது. நிஜமான இரும்பு நிஜமாக உரசும்போது வருகிற அந்தச் சின்னப் பிசிறுதான், கம்ப்யூட்டர் திரையில் காட்டும் வெறும் கணக்கை ஒரு பொருளாக நம்பவைக்கிறது என்பது என் கட்சி.

கேள்வி: எல்லாம் கம்ப்யூட்டரில்தானே வருகிறது, ஒளிப்பதிவாளர்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டதாகப் படித்தேன். எதற்கு?

பதில்: கம்ப்யூட்டர் ரொம்ப ஒழுங்கான பிள்ளை, அதுதான் பிரச்சினை. அதன் கேமராவில் லென்ஸே கிடையாது, எனவே லென்ஸின் குறைகளும் கிடையாது. ஸ்டான்டனுக்கு வேண்டியிருந்தது 1970-களின் விஞ்ஞானப் புனைகதைப் படங்களின் தோற்றம். அதில் பின்னணி மங்கும், மங்கிய விளக்குகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தெரியும், சூரியன் பட்டால் படச்சட்டத்தின் (ஃப்ரேம்) குறுக்கே வெளிச்சம் கீறும். அந்தக் காலத்துப் பானவிஷன் நிறுவனத்துச் சினிமா கேமராக்களையே வரவழைத்துச் சோதனைப் படம் எடுத்து, தங்கள் மென்பொருளில் என்ன குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒளியமைப்புக்கு ஆலோசனை சொல்ல வந்தவர் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். இவ்வளவும் பழைய லென்ஸின் பிழைகளைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க!

கேள்வி: ஈவைப் பார்த்தால் ஆப்பிள் கடையில் வாங்கியதுபோல இருக்கிறதே?

பதில்: இருக்கும். ஆப்பிளின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜானதன் ஐவிடமே ஆலோசனை கேட்டார்கள். வால்-ஈ வெயிலில் சார்ஜ் ஏறி முடித்ததும் வரும் ஒலி மேக் கம்ப்யூட்டர் விழிக்கும் ஒலி. மனிதர்கள் வாழும் விண்கப்பலை ஓட்டும் வில்லன் ரோபோ ஆட்டோவின் குரலும் மேக் கம்ப்யூட்டரின் பேச்சு மென்பொருள்தான்.

கேள்வி: அனிமேஷனில் ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே வரைந்துவிடுவார்களாமே, அப்படியானால் கடைசி நேரத்தில் கதையை மாற்றவே முடியாதா?

பதில்: முடியும், வயிறு கலங்கும், அவ்வளவுதான். இந்தப் படத்தில் மனிதர்களை முதலில் ஜெல்லி உருண்டைகளாக யோசித்திருந்தார்கள், பிற்பாடுதான் நாம் பார்க்கும் குண்டுக் குழந்தை உருவம் வந்தது. அது ஆரம்பகட்ட மாற்றம், பெரிதில்லை. பெரிது இன்னொன்று. முன்பிருந்த கதையில் ஆட்டோ மின்சாரம் பாய்ச்சி அடிபடுவது ஈவ். வால்-ஈ தான் பூமியிலிருந்து கொண்டுவந்த சிகரெட் லைட்டரை வைத்து அவளைப் பிழைக்கவைக்கும். 2007-ல் ஒரு சோதனைத் திரையிடலில் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான், அடிபட வேண்டியது வால்-ஈ என்று ஸ்டான்டனுக்குப் புரிந்தது. படம் வெளியானது 2008 ஜூனில்! மாற்றினார்கள். இப்போது யோசித்தால் சரிதான். படம் முழுக்க வால்-ஈ அவள் பின்னாலேயே ஓடுகிறது, அவள் ஒருமுறையாவது அதற்காக ஓட வேண்டாமா?

கேள்வி: 1999-ல் வந்த ‘தி அயர்ன் ஜயன்ட்’ படத்தில் ரோபோ மட்டும் கம்ப்யூட்டர், மற்றவர்கள் கையால் வரையப்பட்டவர்கள் என்கிறார்கள். ஒட்டவில்லையென்று தோன்றவே இல்லையே?

பதில்: தோன்றாமல் இருக்கத்தான் பாடுபட்டார்கள். அவ்வளவு பெரிய இரும்பு உருவத்தைக் கையால் வரைந்தால் ஒவ்வொரு படத்திலும் கோடு துளித்துளி மாறி, இரும்பு வளைவதுபோல ஆகிவிடும். கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் கோடு கத்திபோல் நேராக நிற்கும், பக்கத்தில் நிற்கும் சிறுவனோடு சேராது. எனவே அந்த நேர்க்கோடுகளை லேசாக நடுங்கவைக்கத் தனியாக மென்பொருள் எழுதினார்கள். இயக்குநர் பிராட் பேர்ட். அப்போது ஓடாத படம், இன்று கொண்டாடுகிறார்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். ரோபோவை வைத்து ஒரு நிமிடப் படமாவது எடுக்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம், அதை இறக்கிக்கொள்ளுங்கள் தம்பி. பத்துக் கை, லேசர் கண் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பிக்ஸார் 1986-ல் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ குறும்படத்தைப் பாருங்கள். இரண்டு மேசைவிளக்கு, ஒரு பந்து, இரண்டே நிமிடம், முகமே இல்லை, ஆனாலும் பெரியது அப்பா, சின்னது பிள்ளை என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. அதுபோல இரண்டு மூட்டு மட்டும் உள்ள ஒரு உருவத்தைச் செய்து, அது தயங்குவதை மட்டும் காட்டப் பாருங்கள். நொடிக்கு 24 படச்சட்டம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440, அதற்கே மூச்சு வாங்கும். சத்தத்துக்கு எங்கும் அலையவேண்டாம், கையில் போன் இருக்கிறது, துருப்பிடித்த கதவு ஒன்று கிடைக்காமலா போகும்?